குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி பேபி ஷாப்ல முழுப்பணம் கட்டாதீங்க, எங்களுக்கு 23,500 ரூபா போச்சு

தலைப்பிரசவத்துக்கு சாமான் வாங்கப் போறவங்க தயவு செஞ்சு இதைப் படிச்சுட்டுப் போங்க. "இப்பவே பணம் கட்டிருங்க, சாமான் எல்லாம் நாங்களே வச்சிருக்கோம், குழந்தை பொறந்ததும் வீட்டுக்கே டெலிவரி"ன்னு பேபி ஷாப்ல ஒரு பேக்கேஜ் சொல்லுவாங்க. கட்டாதீங்க. நாங்க 23,500 ரூபா கட்டிட்டு இன்னைக்கு காலைல கூட அந்தக் கடை வாசல்ல நின்னுட்டுதான் வந்திருக்கேன், "ஓனர் வெளியூர் போயிருக்காருங்க"ன்னு அனுப்பி விட்டுட்டாங்க. அந்தக் கோவம் இன்னும் அடங்கல, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நாங்க ஈரோடு. தங்கச்சிக்கு முதல் குழந்தை. அப்பா இல்லாத வீடு, எங்க பக்கம் தலைப்பிரசவம்னா பொறந்த வீட்டு செலவு, அதுலயும் தொட்டில்ல இருந்து அரைஞாண் கயிறு வரைக்கும் தாய்மாமன் செய்யணும். நான் பிரிண்டிங் பட்டறைல வேலை பாக்கறேன். தீபாவளி போனஸும் சீட்டு எடுத்த காசும் இதுக்குன்னே தனியா வச்சிருந்தேன், ஒத்தப் பைசா வேற எதுக்கும் எடுக்கல. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு தங்கச்சிய வீட்டுக்கு கூட்டிட்டு வந்ததும் என்ன வாங்கறது எதை விடறதுன்னு வீட்ல தினம் பேச்சுதான். தங்கச்சி யூடியூப் பாத்து ஒரு பெரிய லிஸ்ட் எழுதி வச்சிருந்தா, ஸ்டெரிலைசர், ஸ்ட்ரோலர், பாத் டப், ஃபீடிங் தலையணைன்னு. எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) ஒரே வார்த்தைதான், "பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்கி ஊட்டுக்குள்ள கொண்டாரப்படாது சாமி". மாப்பிள்ளை பெங்களூர்ல வேலை, "நீங்க எது வாங்குனாலும் சரி மச்சான்"னுட்டார்.

அந்த வாரம்தான் ஊர்ல புதுசா திறந்த ஒரு பெரிய பேபி ஷாப்புக்கு போனோம். ரெண்டு மாடி, முழுக்க ஏசி. உள்ள போனதும் கவுன்டர்ல இருந்த ஒரு அக்கா எழுந்து வந்து தங்கச்சிக்கு சேர் போட்டு, தண்ணி குடுத்து, "எத்தனாவது மாசம் அம்மிணி, கால் வீங்குதா"ன்னு விசாரிச்சாங்க. எங்கம்மாவுக்கு அப்பவே மனசு எறங்கிருச்சு. அம்மாயி சொன்னதை அம்மா சொன்னதும் அந்தக்கா, "அம்மாயி சொல்றதுதாங்க சரி, முன்னாடியே வீட்டுக்கு கொண்டு போகவே கூடாது, அதுக்குத்தான் நாங்க இந்த பேக்கேஜே வச்சிருக்கோம், இன்னைக்கு பாத்து எடுத்து வச்சிருங்க, பாப்பா பொறந்த அன்னைக்கு ஒரு போன் போடுங்க, மறுநாள் உங்க வாசல்ல இருக்கும்"னாங்க. ஒரு நோட்டை எடுத்து காமிச்சாங்க, பக்கம் பக்கமா பேரு, பிரசவ தேதி, கட்டுன பணம், பக்கத்துல டிக். அப்புறம் மேல் மாடில இருந்து ஒரு மரத்தொட்டில இறக்கிட்டு வரச் சொன்னாங்க. நல்ல தேக்கு கலர் பாலிஷ், ஓரத்துல எங்கயும் சிராய் இல்ல, நான் கையால தடவிப் பாத்தேன், ஆட்டுனா சத்தமே இல்ல. தங்கச்சிய ஆட்டிப் பாக்கச் சொல்லிட்டு, ஒரு அட்டைல அவ பேரை எழுதி மஞ்ச நூல்ல தொட்டில் கால்ல கட்டுனாங்க. "இது உங்க பாப்பா தொட்டில், இனி வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்". எங்கம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த இடத்துல யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க.

நான் அப்பவும் 5,000 அட்வான்ஸ் தரேன், மிச்சம் டெலிவரி அன்னைக்குன்னுதான் கேட்டேன். ஃபுல் பேமென்ட்னாதான் ஆஃபர், அதுவும் இன்னைக்கு மட்டும், வாக்கரும் ஃபீடிங் பாட்டில் செட்டும் ஃப்ரீன்னாங்க. 23,500. பணம் அனுப்ப க்யூஆர் ஸ்கேன் பண்ணா கடை பேரு வரல, ஒரு ஆள் பேரு வந்துச்சு. கேட்டதுக்கு "ஓனர் வீட்டம்மா அக்கவுன்ட்ங்க, கடை அக்கவுன்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு"ன்னாங்க. பில்லுன்னு ஒரு மஞ்ச பேப்பர் குடுத்தாங்க. மேல "எஸ்டிமேட்"னு அச்சடிச்சிருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, அடில ரப்பர் ஸ்டாம்ப்ல "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது". "ஒரிஜினல் பில் டெலிவரியோட வருங்ணா".

பாப்பா நல்லபடியா பொறந்தா, 2.7 கிலோ. அன்னைக்கே போன் போட்டேன். ரொம்ப சந்தோஷம்ங்ணா, நாளைக்கு அனுப்பறோம்னாங்க. நாளைக்கு, நாளான்னைக்கு, லோடு வண்டி ரிப்பேர், டெலிவரி பையன் ஊருக்கு போயிட்டான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை. அப்புறம் ஒரு நாள் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன், "தீட்டு வீட்டுக்குள்ள வர பசங்க யோசிக்கறாங்க, தீட்டு கழியட்டும், பேர் வைக்கறதுக்குள்ள வந்துரும்". பொறக்கறதுக்கு முன்னாடி சாமான் கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லி பணத்தை வாங்குனாங்க, பொறந்த பொறவு தீட்டுன்னு சொல்லி சாமானைக் குடுக்காம இழுத்தாங்க. எங்க வீட்டுப் பெரியவங்க நம்பிக்கைய ரெண்டு பக்கமும் வச்சு எங்க கழுத்தையே அறுத்திருக்காங்க.

பேர் வைக்கற விசேஷத்துக்கு முந்தின ராத்திரி ஒரு லோடு ஆட்டோ வந்துச்சு. டிரைவர் பொட்டிய திண்ணைல இறக்கி வச்சுட்டு பிரிச்சுப் பாக்கறதுக்குள்ள கிளம்பிட்டார், ஒரிஜினல் பில்லும் இல்ல. பிரிச்சா, அது நாங்க பாத்த தொட்டிலே இல்ல. மேல புது பெயின்ட் அடிச்சிருக்காங்க, அந்த வாசம் மூக்குல ஏறுது. ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் ஏற்கனவே கழட்டி மாட்டி தேஞ்சு போய் இருக்கு, ஒரு கால்ல பழைய ஸ்டிக்கரை சுரண்டுன தடம். யாரோ யூஸ் பண்ண தொட்டில். பக்கத்துக் கம்பிக்கு கம்பி இடைவெளில என் முழுக் கை உள்ள போய்ட்டு வருது. ஆனா அந்த அட்டை இருக்கு, தங்கச்சி பேரு எழுதி மஞ்ச நூல்ல கட்டுன அதே அட்டை, அவிழ்த்து இதுல கட்டி அனுப்பியிருக்காங்க. அதைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சிருச்சுங்க.

டயபர் ரெண்டு கட்டு நியூபார்ன் சைஸ்னு பேச்சு, வந்தது எல் சைஸ், பாக்கெட்டுலயே 9–14 கிலோன்னு போட்டிருக்கு. 2.7 கிலோ குழந்தைக்கு அதை வச்சு என்ன பண்றது? பேபி லோஷன்ல விலை ஸ்டிக்கர் மேல இன்னொரு ஸ்டிக்கர், உரிச்சா எக்ஸ்பயரி போன மாசமே முடிஞ்சிருச்சு. ஸ்ட்ரோலர் வரவே இல்ல. ஸ்டெரிலைசருக்கு பதிலா ஒரு பிளாஸ்டிக் டப்பா.

மறுநாள் சம்பந்தி வீட்டாளுக வந்தாங்க. அம்மா சேலைல தூளி கட்டித்தான் பாப்பாவைப் போட்டோம். தூளி ஒண்ணும் கொறைச்சல் இல்ல, நாங்க எல்லாம் அதுல வளந்தவங்கதான், பாப்பா சுகமா தூங்குனா. ஆனா "மாமன் தொட்டில் எங்க"ன்னு அங்க ஒரு அத்தை கேட்டாங்க பாருங்க, பச்சை உடம்புக்காரி தங்கச்சி உள்ள ரூம்ல போய் அழுதா. 23,500 ரூபா கட்டுன வீட்டுக்கு இந்தப் பேச்சு தேவையா?

விசேஷம் முடிஞ்ச கையோட கடைக்கு போனேன். அந்தக்கா இல்ல, வேலைய விட்டு நின்னுட்டாங்களாம். புதுசா ஒரு பையன், "எனக்கு எதுவும் தெரியாதுங்ணா". அந்த நோட்டைக் கேட்டா அப்படி ஒரு நோட்டே இல்லைங்கறான். ஓனர் போன்ல ஒரே ஒரு தடவை கிடைச்சார், "நீங்கதான் டெலிவரி எடுத்துட்டீங்களே, பில்லுலயே போட்டிருக்கு திரும்ப எடுக்க மாட்டோம்னு, சரி உங்களுக்காக 9,000க்கு கிரெடிட் நோட் தரேன், கடைலயே எதாவது எடுத்துக்கோங்க"ன்னார். 23,500 குடுத்தவனுக்கு 9,000, அதுவும் அந்தக் கடைலயே! வாட்ஸ்அப்ல போட்டோ எல்லாம் அனுப்புனேன், ப்ளூ டிக் வந்துச்சு, அதோட பிளாக். அப்புறம் எப்ப போனாலும் ஓனர் வெளியூர்.

பட்டறைல பில் போடற அண்ணன் ஒருத்தர்தான் விவரம் சொன்னார். அந்த ரப்பர் ஸ்டாம்புக்கு பயப்படாதீங்க. நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019ல கெட்டுப் போன பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றதும், பில் குடுக்காம விக்கறதும் முறையற்ற வணிகம்னு எழுதியே இருக்கு. இத்தனை நாளைக்குள்ள திருப்பித் தருவோம்னு பில்லுல எதுவும் போடலைன்னா 30 நாளைக்குள்ள பணத்தைத் திருப்பித் தரணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி தமிழ்லயே சொன்னேன், பதிவு பண்ணி நம்பர் குடுத்திருக்காங்க. அதுலயும் சரி ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் வழக்குக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம். போடத்தான் போறேன்.

இன்னொரு கோவமும் இருக்கு. அந்த "ஃப்ரீ" சாமான். தடுப்பூசிக்குப் போனப்ப குழந்தை டாக்டர்கிட்ட கேட்டோம். சக்கரம் வச்ச அந்த ரவுண்டு வாக்கரே வேண்டாம், கவுந்து தலைல அடி பட்டு வர்ற குழந்தைங்கள நிறைய பாக்கறோம், கனடாவுல 2004லயே அதை விக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்கன்னார். பாட்டிலும் அப்படித்தான், தாய்ப்பால் குடிக்கற குழந்தைக்கு எதுக்குன்னு திட்டுனார். ஃபீடிங் பாட்டிலை விளம்பரம் பண்றதும் ஃப்ரீயா குடுத்து ஆசை காட்டறதும் கூடாதுன்னு 1992லயே சட்டம் வந்தாச்சு. அந்தக் கடை ஆஃபர் போர்டுலயே அதைத்தான் பெருசா எழுதி வச்சிருக்காங்க. தொட்டிலுக்குள்ள தலையணை, சுத்தி மெத்தை எதுவும் வைக்காதீங்க, மூச்சு அடைக்கும்னும் டாக்டர் சொன்னார், பேக்கேஜ்ல அதுவும் இருந்துச்சு.

நிஜமா முதல் மாசத்துல எங்களுக்கு தேவைப்பட்டது என்னன்னா, பழைய காட்டன் சேலையும் வேட்டியும் துவைச்சு கிழிச்ச துணி, கனி ஜவுளி மார்க்கெட்ல வாங்குன கொஞ்சம் நாப்கின், முன்னாடி முடிச்சு போடற காட்டன் சட்டை, தொப்பி, துண்டு, கொசுவலை, பாலாடை, ராத்திரிக்கு மட்டும் டயபர். அவ்வளவுதான். 2015ல அரசு ஆஸ்பத்திரில குழந்தைப் பெட்டகம்னு ஆரம்பிச்சாங்களே, 16 பொருள், அப்ப அதோட மதிப்பே ஆயிரம் ரூபாதான், அதுல இருக்கற துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி இதுதான் பச்சைக் குழந்தைக்கு வேணும். எங்க கிட்ட வாங்குனது 23,500.

நிறைய எழுதணும்னு நெனச்சேன், முடியல, முக்கியமானது மட்டும் சொல்றேன். கைக்கு வராத சாமானுக்கு முழுப்பணம் கட்டாதீங்க, ரொம்ப வேணும்னா கொஞ்சம் அட்வான்ஸ் மட்டும். எஸ்டிமேட் பேப்பர் பில் இல்ல, ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க, நம்ம தமிழ்நாடுன்னா 33ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி வெப்சைட்ல போட்டா யார் பேருன்னு வந்துரும். தனி ஆள் பேருக்கு ஸ்கேன் பண்ணாதீங்க. பாத்த சாமானை அங்கயே போட்டோ எடுங்க, நான் எடுத்த ஒரே ஒரு போட்டோல தங்கச்சிக்கு பின்னாடி அந்தத் தொட்டில் தெளிவா விழுந்திருக்கு, இப்ப என் கைல இருக்கற ஆதாரம் அதுவும் பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டும்தான். டெலிவரி வந்தா டிரைவரை நிக்க வச்சு வீடியோ எடுத்துட்டே பிரிங்க. தொட்டில் பொறந்த பொறவு வாங்குனா போதும், ஒண்ணும் கெட்டுப் போகாது.

கடை பேரு கேட்டு யாரும் மெசேஜ் போடாதீங்க, 1915 கம்ப்ளைன்ட் முடியற வரைக்கும் பொதுவுல போடறதா இல்ல. ஆனா அந்த நோட்டுல எங்க பேருக்கு கீழயும் மேலயும் நிறைய பேரு இருந்துச்சு. ஈரோட்டுப் பக்கம் இதே மாதிரி பேபி ஷாப்ல முன்பணம் கட்டிட்டு காத்திருக்கறவங்க இருந்தா தேதி பாக்காதீங்க, இன்னைக்கே போய் சாமானைக் கேளுங்க.