மூன்றில் ஒரு பங்கு போதும் என்று வருகிறவர்கள்: வகுப்பறை கட்டக் கிளம்பும் முன்னாள் மாணவர்களுக்கு

செட்டிநாட்டுப் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டப் பணம் திரட்டினால், அந்தச் சேதி சில ஆட்களுக்கு எப்படியோ போய்விடுகிறது. "பிளான் நாங்களே போடுவோம், கட்டுவதும் நாங்களே. நீங்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள், மீதியை அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று ஒருவர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள். எங்கள் ஊரில் போட்டார்கள். 13 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் போனது. இரண்டு அறைகளில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, இன்னொன்றுக்குக் கூரையே இல்லை.

ஆளின் பெயர் போடவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை, அடுத்த ஊருக்கு வேறு பெயர்ப் பலகையோடு போவார். அவர் காரியம் செய்த விதம் தெரிந்தால்தான் உதவும்.

ஊர் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பர்மாவில் சம்பாதித்த ஒரு செட்டியார் அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த கட்டடம்: செம்புறாங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, ஒரு நீள ஹால், ஓர் அறை. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 2022இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகள் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து தரையில் வட்டமாக உட்கார வேண்டும். அதே ஹாலில் பீரோவைக் குறுக்கே போட்டு அந்தப் பக்கம் நான்காம், ஐந்தாம் வகுப்பு. ஒரு பக்கம் பாட்டு, மறு பக்கம் வகுத்தல் கணக்கு. ஆக இரண்டு அறை தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பணத்துக்கும் கஷ்டம் இல்லை. வியாபாரத்தில் மகமை எடுத்துத் தர்மத்துக்கு வைத்த ஊர். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், மலேசியா என்று எங்கே இருந்தாலும் கேட்டால் கொடுப்பார்கள்.

அந்த ஆள் எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்துப் பெரியவர் ஒருவருடைய சம்பந்தி வழியாக வந்தார். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்ததாகச் சொல்லி போனில் படம் காட்டினார். அந்த வீட்டில் அவர் செய்தது வெள்ளையடிப்பு மட்டும்தான் என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது. பள்ளிக்கு ஒரு கலர் படம் போட்டுக் கொண்டுவந்தார் பாருங்கள், அதில்தான் எல்லாரும் விழுந்தார்கள். முகப்பில் நான்கு கருந்தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், மேலே நாட்டு ஓடு. "அண்ணே, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் நம்ம ஊர் மாதிரி இருக்க வேண்டாமா?" என்றார். சிங்கப்பூர் குரூப்பில் அன்றைக்கு ஒரே கைகூப்பு மழை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காற்றும் வெளிச்சமும் வருகிற ஜன்னல் வேண்டும், சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வேண்டும். சாய்தளம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. நான்கு தூண் இருந்தது.

எஸ்டிமேட் 42 லட்சம். 20 அடிக்கு 20 அடியில் இரண்டு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் என்ற முறையில் நானும் இருக்கிறேன். கணக்கு நோட்டு என் கைக்கு வந்தபோது முதலில் பார்த்தது இந்தத் தாள்களைத்தான். அளவு, விலை என்று தனித்தனியாக இருக்க வேண்டிய இடங்களில் "எல்.எஸ்." என்று போட்டு மொத்தமாக ஒரு தொகை. "மண் பரிசோதனை, டிசைன், இதர: எல்.எஸ். 1,85,000." மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்டதற்கு, செம்மண் பூமிக்கு எதற்கு சார் பரிசோதனை என்றார். அப்படியானால் அந்தப் பணம் எதற்கு? பதில் இல்லை. ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒரு விலை போட்டிருந்தார். ஆத்தங்குடி எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. பட்டறையில் போய்க் கேட்டால் அதில் பாதிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. பில்லில் இருந்த பதினைந்து எழுத்து எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் அடித்துப் பார்த்தால் பதிவு ரத்தாகிவிட்டது என்று வருகிறது. அதாவது அரசாங்கத்துக்குப் போவதாகச் சொன்ன வரியும் அவர் பைக்குத்தான் போயிருக்கிறது. யார் பில் கொடுத்தாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள், காசா பணமா.

எதற்காக இரண்டு அறைக்கு 42 லட்சம் என்று கொஞ்ச நாள் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. 42இல் மூன்றில் ஒரு பங்கு 14 லட்சம். அதற்குள்ளேயே மட்டமாக ஒரு கட்டடத்தை எழுப்பி லாபமும் பார்த்துவிடலாம். அரசுப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். எஸ்டிமேட்டை உப்ப வைத்ததே அந்த 'ஒரு பங்கு' பெரிதாக வர வேண்டும் என்பதற்காக.

'நமக்கு நாமே' நல்ல திட்டம், அதைக் குறை சொல்லவில்லை. 1997இல் தொடங்கி, நடுவில் பெயர் மாறி, 2021இல் மறுபடி பழைய பெயரிலேயே வந்தது. பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்தப் பங்கை மாவட்ட நிர்வாகத்திடம் காசோலையாகவோ டிடியாகவோ கட்ட வேண்டும். எந்த கம்பெனிக் கணக்கிலும் போட வேண்டியதில்லை. நிர்வாக ஒப்புதல் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். இன்னொன்றும் உண்டு, அவர் வாயே திறக்காத ஒன்று: மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால்தான் பணம் கொடுத்தவர்களே கட்டலாம், தங்களுக்குப் பிடித்த ஆளை வைத்தும் கட்டலாம். அதற்குக் குறைந்தால் யார் கட்டுவது என்பது அரசுத் தரப்பு முடிவு. "மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள், நானே கட்டுகிறேன்" என்பது அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகிறது.

ஒன்றிய அலுவலகத்தில் போய் விசாரித்தோம். எங்கள் பள்ளி பெயரில் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. தலைமையாசிரியை கொடுத்த வேண்டுகோள் கடிதம் ஒன்று மட்டும் ஃபைலில் இருந்தது. அதற்குள் இங்கே கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் வரை சுவர் ஏறிவிட்டது. "ஒப்புதல் இல்லாமல் ஒன்றியத்து இடத்தில் வேலை எப்படி ஆரம்பித்தீர்கள்?" என்று அவர்கள் எங்களைத் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. "அதெல்லாம் நான் பேசிட்டேன்ணே" என்று சொன்னவர் அன்றைக்குப் போனை எடுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் பணம் கொடுக்கும் கட்டங்களைப் பாருங்கள்: கையெழுத்தின்போது 40 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்ததும் 30, லிண்டல் மட்டத்தில் 25, சாவி கொடுக்கும்போது 5. கூரை போடுவதற்கு முன்னாலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கை மாறிவிடுகிறது. அதன் பிறகு அவருக்கு நம்மிடம் என்ன வேலை?

இவ்வளவும் வெளியே வந்ததற்குக் காரணம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். பேத்தியைப் பள்ளியில் விட வந்தவர், முதல் அறைக்குக் கூரை போட்டாகிவிட்டது, இரண்டாவது அறைக்குக் கம்பி கட்டி மறுநாள் கான்கிரீட் என்ற நிலையில் சாரத்தில் ஏறிப் பார்த்தார். டிராயிங்கை வாங்கிவரச் சொன்னார். 12 எம்எம் கம்பி, 15 சென்டிமீட்டர் இடைவெளி என்று இருந்தது. அவர் டேப்பை வைத்தார், 20 சென்டிமீட்டர். அப்புறம் கீழே கிடந்த வெட்டுக் கம்பியில் சரியாக ஒரு மீட்டர் அறுக்கச் சொல்லி, சத்துணவு அக்காவிடம் பருப்பு நிறுக்கும் தராசை வாங்கி அதில் வைத்தார். அறுநூறு கிராமைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

"12 எம்எம்னா மீட்டருக்கு 888 கிராம் நிக்கணும் தம்பி. இது பத்து" என்றார்.

கம்பி கட்டுகிறவரைக் கேட்டால், "வந்த கம்பியத்தான் கட்டுறோம் சார்" என்கிறார். அவர்மேல் தப்பில்லை. பத்தும் பன்னிரண்டும் அடுத்தடுத்து வைத்தால்தான் நமக்கு வித்தியாசம் தெரியும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். சைட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சின்னக் கம்பி, அதிலும் விலக்கிக் கட்டியது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிராயிங்கில் இருந்த இரும்பில் ஏறக்குறைய பாதிதான் கூரைக்குள் போகிறது. இருபதடி அகல அறை, கீழே குழந்தைகள்.

அதைவிட மோசம் பழைய சுவர் பக்கம். ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தை ஒட்டிப் புது அறை எடுக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய கட்டடம் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் மண்ணில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதுசு இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கட்டிப் போட்டால் ஏதாவது ஒன்று வெடிக்கும். அதனால் புது அறைக்கு அந்தப் பக்கமும் தனித் தூண், தனி அஸ்திவாரம், நடுவில் ஓர் இடைவெளி விட்டு மேலே மூட வேண்டும். டிராயிங்கில் அப்படித்தான் தூண்கள் இருந்தன. சைட்டில் இல்லை. செலவை மிச்சம் பிடிக்கப் பழைய செம்புறாங்கல் சுவரில் ஓட்டை போட்டு, பீமை அதன் தலையில் உட்கார வைத்திருந்தார். சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவருக்கு இந்தச் சுமை பழக்கமே இல்லை. பீம் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் மூலைவரை சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. அதுவரை ஒரு கீறல் விழாத சுவர். இரண்டு அறை கூடுதலாகக் கிடைக்கும் என்று போய், இருந்த ஹாலிலும் அந்த மூலையில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியவில்லை.

முதல் அறைக் கூரையின் கான்கிரீட்டைத் துளைத்து ஒரு துண்டு (கோர்) எடுத்து ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் எம்20 கான்கிரீட் என்று எழுதியிருந்தது. அந்த வலு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றியப் பொறியாளர் உறுதிச் சான்று தர மறுத்தார். ஊரில் சிலர், "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன" என்று முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பொறியாளர் செய்ததுதான் சரி. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகுதான் பள்ளிக் கட்டடம் என்றால் இத்தனை சான்று கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கையெழுத்தை இரவலாகவா கேட்பது?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆகிவிட்டவர்கள். அவர்கள் பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டதற்கு, "என் கம்பெனி கணக்கில் போடச் சொல்லுங்க, வீட்டு ரிப்பேர் அட்வான்ஸ்னு எழுதிக்கலாம்" என்று யோசனை சொன்னார் இந்த ஆள். ஆடிட்டர் ஒருவர் குறுக்கே விழுந்து தடுத்தார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எங்கே வேலை பார்த்தாலும், தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், அவர் பிறந்தது பள்ளத்தூரோ கோட்டையூரோ, அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கும் சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பொய்ப் பெயரில் அனுப்பியிருந்தால் ஏமாந்தவர்கள் மேலேயே வழக்கு வந்திருக்கும்.

இப்போது நிலைமை இதுதான். சங்கம் முறையாகப் பதிவு செய்தது என்பதால் அதன் பெயரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 50 லட்சம் வரை மாவட்ட அளவிலேயே போடலாம், எங்கள் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய். குறை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், பேசித் தீர்க்கலாம் என்று அந்த ஆள் இழுத்தடிப்பது அதற்காகவும் இருக்கலாம். போலீசில் கொடுத்த புகார் தனியாக இருக்கிறது. ஓவர்சியர் ஐயா அளந்து பார்த்ததில், அதுவரை நடந்த வேலையின் மதிப்பு எட்டு லட்சத்தைத் தாண்டவில்லை. அதையும் இடிக்கத்தான் வேண்டும். பழைய சுவரிலிருந்து பீமைப் பிரித்து எடுப்பது முதல் வேலை, அதற்கு வேறு ஒரு பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த முறை பிளான் போடுகிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர், அளந்து பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் மூன்றாவது ஆள். கட்டுகிறவருக்குக் கடைசிப் பத்து சதவீதப் பணம், கட்டடம் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிய பிறகுதான். இதைக் கேட்டுவிட்டு இரண்டு காண்டிராக்டர்கள் வேண்டாம் என்று போய்விட்டார்கள். போகட்டும்.

எஸ்டிமேட், ஒப்பந்தம், ஓவர்சியர் ஐயாவின் அளவுக் குறிப்பு மூன்றுக்கும் எங்களிடம் நகல் இருக்கிறது. அறை கட்டப்போகிற எந்த ஊர்க்காரர் கேட்டாலும் அனுப்புகிறேன். கருந்தூண் முகப்போடு அதே கலர் படத்தை வைத்துக்கொண்டு உங்கள் பக்கம் யாராவது வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். இன்னும் இரண்டு ஊர் சேர்ந்தால் வழக்குக்குப் பலம் என்கிறார் வக்கீல்.