குரோமாலி குழாய்க்கு கேஸா, டிக்கா?

வீட்டில் கட்டும் விமானத்தின் உடற்கூட்டில் 4130 குரோமாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாயின் சுவர் பல இடங்களில் 0.035 அங்குலம், அதாவது 0.9 மி.மீ.தான். இதில் கை பழக கேஸ் வெல்டிங்கையே, அதாவது ஆக்சிஜன்-அசிட்டிலீன் சுடரால் உருக்கி ஒட்டுவதையே, முதலில் எடுங்கள். பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் உடற்கூடு கேஸில் ஒட்டியதுதான்.

கேஸில் சூடு நிதானமாக ஏறும். உலோகம் மினுங்கி உருகுவதைப் பார்த்து, டார்ச்சைக் கொஞ்சம் தூக்க நேரம் கிடைக்கும். சின்ன முனைக்கு இரண்டு ரெகுலேட்டரிலும் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும். அசிட்டிலீன் 15ஐத் தாண்டவே கூடாது. தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. சுடரின் உள்கூம்பைச் சுற்றி இறகு போன்ற வெளிர் சுடர் தெரிந்தால் அசிட்டிலீன் அதிகம்: எஃகில் கரி ஏறி இணைப்பு நொறுங்கும். ஆக்சிஜன் கூடினால் உருகல் நுரைத்துப் பொறி பறக்கும். தடித்த குழாயும் மெல்லியதும் சேரும் இடத்தில் சுடரைத் தடித்ததன் பக்கம் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லியது ஓட்டையாகிவிடும். உருக்கி நிரப்பும் கம்பி 1.6 மி.மீ. போதும்.

கேஸின் பலவீனம் சூடு பரவுவது. குழாய்கள் இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் எல்லா இணைப்பையும் நான்கு புள்ளியில் டேக் (சிறு பொட்டு வெல்ட்) போட்டு, எதிரெதிர்ப் பக்கமாக முடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பரவலான சூடே இணைப்பை மெதுவாக ஆறவைக்கிறது. மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள். ஆனால் வாயு தேங்காத அளவு காற்றோட்டம் வேண்டும். சூடான குரோமாலி மேல் நேரே குளிர்க்காற்று பட்டால் விரிசல் விடும்.

டிக் என்பது டங்ஸ்டன் முனையின் மின்வில்லால், ஆர்கான் வாயுக் காப்பில் உருக்குவது. அதில் வளைவு குறைவு, தையல் அழகு, வேகமும் அதிகம். இதே சுவருக்கு 35 முதல் 40 ஆம்பியர், 1.6 மி.மீ. டங்ஸ்டன், ஈஆர்70எஸ்-2 கம்பி, நிமிடத்துக்கு 7 முதல் 9 லிட்டர் ஆர்கான். ஆனால் அழுக்கையும் இடைவெளியையும் அது மன்னிக்காது. எண்ணெய், துரு, ஆலையிலிருந்தே படிந்து வரும் கறுப்பு எல்லாவற்றையும் பளிச்சென்று தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அது முழுக்க ஆவியான பிறகே பற்றவைக்க வேண்டும். குழாய் முனையின் வாய்வெட்டு அடுத்த குழாயோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். கேஸில் சிறு இடைவெளியைக் கம்பியால் நிரப்பிச் சமாளிக்கலாம். டிக்கில் விளிம்பு உருகிப் பின்வாங்கும். மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலைச் சட்டென்று விட்டால், வெல்ட் முடியும் இடத்துக் குழியில் விரிசல் விழும்.

மிக் (கம்பி தானாக ஊட்டப்படும் மின்வில் வெல்டிங்) இந்தச் சுவருக்கு வேண்டாம். தொடக்கத்தில் உலோகம் குளிர்ந்திருக்க, மேலே மட்டும் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது.

எதில் பழகினாலும் பயிற்சி இணைப்பை ஹாக்சாவால் நெடுக அறுத்து உட்புறம் பாருங்கள். வேர் வரை, அதாவது இணைப்பின் அடி வரை, உருகிச் சேர்ந்திருக்க வேண்டும், உள்ளே துளித்துளியாகத் தொங்கக் கூடாது.