ஸ்ட்ரோக் பயத்துக்கு எந்த ப்ளட் டெஸ்ட்? எல்டிஎல்லா, சிஆர்பியா, ஹோமோசிஸ்டீனா?

கொழும்புல வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கம் லாப் பாக்கேஜ் எடுக்கிற ஆக்கள் கேக்கிறது இதைத்தான், லிஸ்ட்டுல இருக்கிற எல்லாத்துக்கும் காசு கட்டணுமா எண்டு. தேவையில்ல. ரத்தக்குழாய் அடைபட்டு வாற பாரிசவாதத்தைப் பத்தித்தான் சொல்றன், குழாய் வெடிச்சு வாறது வேற. நான் பாக்கிறது ஒண்டுதான், அந்த நம்பரைக் குறைச்சா ஸ்ட்ரோக் குறையுதா?

அப்பிடிப் பாத்தா எல்டிஎல்தான், அதாவது கெட்ட கொலஸ்ட்ரோல்தான் முன்னுக்கு. 2006ல வந்த ஸ்பார்க்கிள் ஆய்வுல, ஏற்கனவே ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ வந்த ஆக்களுக்கு கொலஸ்ட்ரோல் குறைக்கிற ஸ்டட்டின் மருந்துல ஒண்டான அட்டோர்வாஸ்டட்டின் 80 மில்லிகிராம் குடுத்தாங்க, திரும்ப வாறது குறைஞ்சுது, மூளைக்குள்ள ரத்தக்கசிவு கொஞ்சம் கூடினதும் உண்மை, ஆனா மொத்தமா பாத்தா லாபம்தான். 2020ல வந்த இன்னொரு ஆய்வுல எல்டிஎல்லை 70க்கு கீழ கொண்டுபோன ஆக்களுக்கு, 90–110ல வச்சிருந்த ஆக்களை விட ஸ்ட்ரோக், ஹார்ட் பிரச்சினை சேத்து குறைவு.

ஆனா ரிப்போட்டைக் கவனமா பாருங்க, கனபேருக்கு எல்டிஎல் நேரா அளந்தது இல்ல, கணக்குப் போட்டு எடுத்தது, ட்ரைகிளிசரைட் எண்ட மற்றக் கொழுப்பு 400க்கு மேல போனா அந்தக் கணக்கு சரிவராது. எங்கட ஆக்களுக்கு ட்ரைகிளிசரைட் கூட, எச்டிஎல் எண்ட நல்ல கொலஸ்ட்ரோல் குறைவு எண்டுறது சாதாரணம். அதால டோட்டல் கொலஸ்ட்ரோல்ல இருந்து எச்டிஎல்லைக் கழிச்சுப் பாருங்க, 220ம் 40ம் எண்டா 180. அதுதான் நொன் எச்டிஎல், கெட்ட கொலஸ்ட்ரோல் எல்லாம் சேத்த கணக்கு, சல்லிக் காசு செலவில்ல.

சிஆர்பி? உடம்புல அழற்சி இருக்கா எண்டு காட்டுற டெஸ்ட் அது. 2008ல ஜூப்பிட்டர் ஆய்வுல எல்டிஎல் 130க்கு கீழ, சிஆர்பி 2க்கு மேல இருந்த ஆக்களுக்கு ரொசுவாஸ்டட்டின் குடுக்க ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட பாதியாச்சு. நல்ல விஷயம்தான், ஆனா வேலை செஞ்சது ஸ்டட்டின், சிஆர்பி தானே ஸ்ட்ரோக்கைக் கொண்டு வருது எண்டு மரபணு ஆய்வுகள் காட்டேல்ல. அதோட சளி இருமல் வந்தாலே ஏறும். எங்கட மாமிக்கு இருமலோட எடுத்து 14 வந்து வீடே கலங்கிப் போச்சு, இருமல் மாறினதுக்குப் பிறகு எடுக்க 2க்கும் கீழ. 10க்கு மேல எண்டா முதல்ல காய்ச்சல், கிருமி ஏதும் இருக்கா எண்டு பாத்துட்டு சுகமானதும் திரும்ப எடுங்க.

ஹோமோசிஸ்டீன், ரத்தத்துல இருக்கிற ஒரு அமினோ அமிலம், அதில எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்ல. 2004ல விஸ்ப் ஆய்வுல விற்றமின் குடுத்து நம்பரைக் குறைச்சாங்க, ஸ்ட்ரோக் குறையேல்ல. சீனாவுல 2015ல 20,000க்கு மேற்பட்ட பிரஷர்காரருக்கு எனலாப்ரில் எண்ட பிரஷர் மருந்தோட ஃபோலிக் அசிட் விற்றமினும் சேத்துக் குடுக்க, முதல் ஸ்ட்ரோக் 3.4 சதவீதத்துல இருந்து 2.7க்கு வந்துச்சு, ஆனா அங்க மாவுல ஃபோலேட் (அதே விற்றமின்தான்) சேக்கிறதில்ல, அதால அங்க கிடைச்ச பலன் எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண்டு சொல்லேலாது. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் கனகாலமா போடுற ஆக்கள், மரக்கறி மட்டும் சாப்பிடுற ஆக்களுக்கு பி12 விற்றமின் குறையலாம், அவங்க இந்தக் காசுக்கு அதைப் பாக்கிறது மேல்.

லிப்போபுரோட்டீன் ஏ எண்டுறது கொலஸ்ட்ரோலைக் காவுற ஒரு துணிக்கை, அது பிறப்போட வாறது, வாழ்க்கையில ஒருக்கா எடுத்தா போதும். டெசிலீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல, இல்லாட்டி லீட்டருக்கு 125 நானோமோலுக்கு மேல எண்டா அது கூடின அளவு. ஸ்டட்டினால அது இறங்காது, ஆனா குடும்பத்துல இளவயசுல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் இருந்தா எடுங்க, கூட வந்தா டொக்டர் எல்டிஎல்லை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். கடைசி ரெண்டு மூண்டு மாசச் சீனி அளவைக் காட்டுற எச்பிஏ1சி சொல்லவே தேவையில்ல, 6.5 சதவீதமோ அதுக்கு மேலயோ எண்டா சீனி வருத்தம், கட்டாயம் பாக்கணும்.

இதெல்லாத்துக்கும் முன்னால பிரஷரைப் பாருங்க, ஸ்ட்ரோக்குக்கு அதுதான் முதல் காரணம், அதுக்கு ஊசியும் தேவையில்ல. நாடி ஒழுங்கில்லாம துடிச்சா ப்ளட் டெஸ்ட்டைத் தள்ளி வச்சிட்டு ஈசிஜி எடுங்க, இதயத்துல ரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போற ஆபத்தை எந்தக் கொலஸ்ட்ரோல் ரிப்போட்டும் காட்டாது.