பற்றரியை எங்கே வைப்பது: பொனட்டுக்குள்ளா, ஆசனத்தின் கீழா, டிக்கியிலா?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகத் தாங்கினால் இதனால் கவலையில்லை. மூடியின் வில் தளர்ந்துபோன பழைய காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ரம்பொடை ஏற்றத்தில் வரும்போது, கொழும்பில் ஒருநாளும் சூடேறாத எஞ்சின் இங்கே ஆவி கக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதனால் மலையகத்தில் பலர் இன்னும் எண்பதுகளின் கார்களையே பழுது பார்த்து ஓட்டி வருகிறார்கள். அவற்றுக்கு அகலமான ரேடியேட்டரோ இரண்டாவது விசிறியோ பொருத்த முனைந்தால், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் பற்றரிதான்.

அதை என்ன செய்வது என்பதற்கு மூன்று விடைகள் உள்ளன. இருந்த இடத்திலேயே சிறிய பற்றரி ஒன்றை வைக்கலாம், ஆசனத்தின் கீழே கொண்டுபோகலாம், டிக்கிக்கு மாற்றலாம். முன்சக்கர இயக்கமுள்ள குடும்பக் காருக்கு டிக்கி கடைசித் தெரிவாகவும், எஞ்சின் மாற்றப்பட்ட பின்சக்கர இயக்கக் காருக்கு அதுவே முதல் தெரிவாகவும் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. முன்சக்கர இயக்கமுள்ள என் நிசான் சன்னி பி11 காரிலும், பின்சக்கர இயக்கமுள்ள மச்சானின் பொக்ஸ் லான்சரிலும் இந்த வேலையைச் செய்து பார்த்த பிறகு வந்த முடிவு இது.

முதல் வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஜப்பானியப் பற்றரிகளின் மீது அச்சிடப்பட்டுள்ள குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் அதன் பயன் உடனே விளங்கிவிடும். 46பி24எல் என்பதில் 46 திறனைக் குறிக்கும் எண். பி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகுப்பு. 24 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதைச் சொல்கிறது. கடைகளில் என்.எஸ். 60 என்று கேட்டு வாங்கும் இந்தப் பற்றரிக்குப் பதிலாக, என்.எஸ். 40 வகையைச் சேர்ந்த 38பி20எல் பற்றரியை வைத்தால் நீளத்தில் 4 சென்டிமீட்டர் மிச்சமாகிறது. டி23 அளவிலிருந்து பி24 அளவுக்கு இறங்கினால் அகலத்தில் 4 சென்டிமீட்டருக்கும் மேல் கிடைக்கிறது, ஏனெனில் டி வகுப்பின் அகலம் 173 மில்லிமீட்டர், பி வகுப்பின் அகலம் 129 மில்லிமீட்டர். ஒரு விசிறியின் சட்டத்துக்கோ காற்றுக் குழாய்க்கோ பல கார்களில் இந்த 4 சென்டிமீட்டரே போதும். பி வகுப்பில் முனைகள் மெலிந்தவையாகவும் வரும் என்பதால், பழைய தடித்த கவ்விகளை மாற்றாமல் பொருத்த வேண்டுமானால் குறியீட்டின் இறுதியில் எஸ் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். மெலிந்த முனையில் தகரத் துண்டைச் சுற்றிக் கவ்வியை இறுக்குவது வழக்கமாகிவிட்டது. ஏற்ற இறக்கமான பாதையின் அதிர்வில் அது எப்படியும் தளர்ந்துவிடும்.

சிறிய பற்றரியின் குறையையும் சொல்ல வேண்டும். குளிரில் ஈய அமிலப் பற்றரியின் வேகம் குறையும், எஞ்சின் எண்ணெயும் தடித்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சுமையைக் கூட்டும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும் நுவரெலியாவில், திறன் குறைந்த பற்றரி இரண்டு முறை முயன்றதும் ஓய்ந்துவிடக்கூடும். 1500 சிசி வரையான பெற்றோல் எஞ்சினுக்கு, முனைகள் துப்புரவாக இருந்தால், பி20 தாராளமாகப் போதும். டீசல் வேனுக்கு அது போதாது. டீசல் எஞ்சின் இழுக்கும் மின்னோட்டம் மிகப் பெரியது என்பதால், அங்கே பற்றரியைச் சிறிதாக்குவதும் வேண்டாம், தூரமாக்குவதும் வேண்டாம்.

டிக்கிக்கு மாற்றுவதில் உள்ள கவர்ச்சி எனக்கும் தெரியும். பொனட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் கிடைக்கிறது, பற்றரியும் வெப்பத்திலிருந்து தப்புகிறது. 1959இல் வெளிவந்த முதல் மினி காரிலேயே பற்றரி டிக்கியில்தான் இருந்தது. நம் வீதிகளில் நிறையவே ஓடும் பழைய தலைமுறைப் பிரியஸ் கார்களிலும் 12 வோல்ட் பற்றரி பின்னால்தான் இருக்கிறது. ஆனால், தொழிற்சாலையில் அப்படியே வடிவமைக்கப்பட்ட காரும் நாம் பிறகு துளையிட்டு மாற்றும் காரும் ஒன்றல்ல. வெப்பத்திலிருந்து தப்பும் நன்மையும் கொழும்பு வாகனத்துக்கு உள்ள அளவுக்கு, ஆண்டு முழுவதும் குளிர்ந்திருக்கும் நம் ஊர் வாகனத்துக்கு இல்லை.

என் சன்னியில் இந்த வேலையை ஒரு கராஜில் செய்வித்தேன். தடித்த சிவப்புக் கேபிள், பளபளப்பான பெட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சனவரி மாதம் நானுஓயாவில் ஒரு விடியற்காலை, சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றது. பற்றரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் காட்டியது, பற்றரியில் குறையில்லை. மச்சானைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, டிக்கியில் உள்ள நேர்முனைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனைக்கும் இடையே நீண்ட வயர் பிடித்து அளந்தேன்: அந்தக் கேபிளில் மட்டும் 1.1 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. பற்றரியின் எதிர்முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பூமித் தொடுப்பில் மேலும் 0.6 வோல்ட். கேபிளின் நுனியைப் பேனாக்கத்தியால் சுரண்டியபோது செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம்! மேலுறையின் தடிப்பைக் காட்டி என்னிடம் விற்றிருந்தார்கள். உள்ளே இருந்த உலோகம் 16 சதுர மில்லிமீட்டர் கூட இராது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது வியப்பல்ல. தூய செம்பில் 16 சதுர மில்லிமீட்டர் கேபிள், டிக்கியிலிருந்து எஞ்சின் வரையான ஏறக்குறைய நான்கரை மீட்டரில், 200 அம்பியர் ஓடும்போது 1 வோல்ட்டை விழுங்குகிறது. 35 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இழப்பு 0.44 வோல்ட், 50இல் 0.31 வோல்ட். அலுமினியமானால் இழப்பு இன்னும் கூடும். முன்னால் இருந்த காலத்தில் அரை மீட்டர் கேபிளே போதுமாக இருந்தது என்பதை நினைத்தால், டிக்கிக்கு மாற்றுவதன் உண்மையான விலை எங்கே இருக்கிறது என்பது தெரியும். பூமித் தொடுப்பும் இதே அளவு முக்கியமானது: மழையும் மூடுபனியும் விடாத ஊரில், வண்ணத்தைச் சுரண்டாமல் முறுக்கிய போல்ட்டின் அடியில் துரு ஏறுவதற்கு ஒரு மழைக்காலம் போதும். வெற்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிட வேண்டும்.

கேபிளைவிட எனக்கு அதிக அச்சம் தருவது பியூஸ் இல்லாமல் விடப்படும் நேர்முனைதான். கதவோரத் தகரத்தின் விளிம்பில் உரசிய கேபிள், பியூஸ் இல்லாவிட்டால், காரை எரித்துவிடும். பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 200 முதல் 250 அம்பியர் வரையான பியூஸ் இருக்க வேண்டும். தகரத்தைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் இறப்பர் வளையம் இருக்க வேண்டும். துளையிடுவதற்கு முன் காரின் அடியில் படுத்து, பெற்றோல் தாங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பொனட்டுக்குள் நேர்முனைத் தொடுப்பு ஒன்றையும் விட்டுவைத்தால், நடுவழியில் மின் தீர்ந்துபோனாலும் இன்னொரு வாகனத்திலிருந்து கேபிள் கொடுக்க முடியும். பின்னால் இன்னொரு வாகனம் வந்து நிற்க இடமில்லாத கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அருமை தெரியும்.

காற்றோட்டம் இன்னொரு கேள்வி. சாதாரணத் தண்ணீர்ப் பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளியிடுகிறது. காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறியே வெடிக்க வைத்துவிடும். குளிருக்கும் மழைக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் நம் வழக்கத்தில், பின்னாசனத்தில் பிள்ளைகள் இருக்கும்போது, வெளியே செல்லும் குழாய் இல்லாமல் அத்தகைய பற்றரியை டிக்கியில் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய ஏ.ஜி.எம். வகைப் பற்றரி இயல்பு நிலையில் வாயு விடாது; ஆயினும் அளவுக்கு மீறி மின்னேறினால் அதன் வால்வும் திறக்கும் என்பதால், அதற்கும் குழாய் இருப்பதே நல்லது. எடை மூன்றில் ஒரு பங்கே உள்ள லித்தியம் பற்றரியைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது, விலையும் அதிகம். தினமும் ஓடும் காருக்கு அது தேவையில்லை.

ஆசனத்தின் கீழே வைப்பது இரண்டுக்கும் நடுவான வழி. கேபிள் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும், எடையும் காரின் நடுவிலேயே இருக்கும். பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலில் பின்னாசனத்தின் கீழே இருந்த பற்றரியின் முனைகளில், ஆசனத்தின் இரும்பு வில்கள் அழுந்தித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு என்பதால், கெட்டியான மின்கடத்தா மூடி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பெரும்பாலான பழைய கார்களில் ஆசனத்துக்கும் தரைக்கும் இடையே போதிய உயரம் இல்லை. இந்த வழி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இனி எடைக் கணக்கு. ஏறக்குறைய 13 கிலோ எடையுள்ள பற்றரியை முன் அச்சருகிலிருந்து பின் அச்சுக்கும் பின்னால் நகர்த்தும்போது, நெம்புகோல் விதிப்படி முன்சக்கரங்கள் 13 கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான சுமையை இழக்கின்றன. ஏற்றத்தில் ஏற்கெனவே எடை பின்னால் சாய்ந்திருக்க, டிக்கியில் மரக்கறி மூட்டைகளும் இருந்துவிட்டால், ஈரமான வீதியில் முன்சக்கர இயக்கக் காரின் சக்கரம் சுழன்றுவிடும். பின்சக்கர இயக்கக் காரில் இதே நகர்வு பிடிமானத்தைக் கூட்டுகிறது. 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றுக்குக் கார் தயாரிப்பவருக்கு, முன்னால் இருக்கும் எந்த எடையையும் பின்னால் தள்ள முடிந்தால் அது இலாபம்தான்.

கேபிளையும் பூமித் தொடுப்பையும் மாற்றிய பின் என் சன்னியில் மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்தது, கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகியது. ஆனாலும் பற்றரியை முன்னாலேயே திரும்பக் கொண்டுவந்தேன். முனை தடித்த 38பி20எல்எஸ் ஒன்றை வைத்ததில், இரண்டாவது விசிறி இரண்டு விரல் இடைவெளி விட்டு உள்ளே உட்கார்ந்தது. "நாலு சென்டிமீட்டருக்கா இவ்வளவு நாளும் டிக்கி வரைக்கும் வயர் இழுத்துப்போட்டு அலைஞ்ச, மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே கழற்றிய 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை மச்சான் சுருட்டி எடுத்துக்கொண்டார். பெரிய எஞ்சின் ஏற்றிய பிறகு பற்றரிக்கு ஒரு விரலிடம் கூட மிஞ்சாத அவருடைய லான்சரின் டிக்கிக்கு, பியூஸோடும் வாயுக் குழாயோடும், அந்தக் கேபிள் இப்போது ஓடுகிறது.