சர்ச் கல்யாணமா, மனிதநேயச் சடங்கா? இங்கிலாந்து ஜோடிகளுக்கு

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 37.2% பேர் மதமில்லை என்றார்கள். கடவுளும் மதமும் இல்லாமல் நடக்கும் திருமணச் சடங்குதான் மனிதநேயச் சடங்கு. திருமணச் சட்டமோ இன்னும் சர்ச் பக்கம்தான்.

சட்டம்
சர்ச் ஆஃப் இங்கிலாந்து (அந்நாட்டின் அதிகாரபூர்வத் திருச்சபை): சடங்கு முடிந்தாலே சட்டப்படி தம்பதி.
மனிதநேயம்: சடங்கு மட்டும் செல்லாது. அரசுப் பதிவாளர் முன் இரண்டு சாட்சிகளோடு தனியாக மணக்க வேண்டும். 2020இல் உயர் நீதிமன்றமே இது பாகுபாடு என்றது, ஆனால் மாற்ற உத்தரவிடவில்லை. இது அநியாயம்தான்.

முன்னேற்பாடு
சர்ச்: திருமணத்துக்கு முந்தைய 3 மாதத்துக்குள் 3 ஞாயிறு ஓலை (இன்னார் மணக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு) சர்ச்சில் வாசிக்க வேண்டும். இருவரும் வேறு வேறு பங்கை (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி) சேர்ந்தவர்கள் என்றால் இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும். ஒன்றை விட்டால் தேதி தள்ளிப்போகலாம். ஞானஸ்நானம் கட்டாயமில்லை.
மனிதநேயம்: பதிவுக்கு 28 நாள் முன்னறிவிப்பு.

வாசகம்
சர்ச்: உறுதிமொழியை மாற்ற முடியாது.
மனிதநேயம்: முழுக்க உங்கள் சொற்கள்.

ஒரே நாளில், ஒரே சடங்கில் முடிய வேண்டும், கடவுள் பெயரில் வாக்குக் கொடுக்க மனம் உறுத்தாது என்றால் சர்ச். உறுத்தும் என்றால் முன்கூட்டியே பதிவுத் திருமணம், பிறகு மனிதநேயச் சடங்கு. ஸ்காட்லாந்தில் மணக்க வழியிருந்தால் இன்னும் எளிது: அங்கே 2005 முதல் மனிதநேயச் சடங்கே சட்டப்படி செல்லும்.