நிறுத்திய பின்னும் ஏறும் வாடகை: ஒரு கிளவுட் சேவையில் ஈராண்டு அனுபவம்

எங்கள் சிறு மென்பொருள் குழு, சொந்தமாகச் சர்வர் வாங்காமல், ஈராண்டுகளாகக் கிளவுட் நிறுவனம் ஒன்றிடம் இணையம் வழியே கணினித் திறனை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தி வருகிறது. அமேசான் 2006இல் எஸ்3 சேமிப்பகத்தையும் ஈசி2 சர்வர்களையும் கொண்டுவந்தபோது பரவத் தொடங்கிய இம்முறையின் வாக்குறுதி எளிமையானது: கேட்ட திறன் சில நிமிடங்களில் கிடைக்கும், பயன்படுத்திய அளவுக்கே பணம்.

முதல் பாதி முழு உண்மை. 32 ஜிபி நினைவகம் கொண்ட மெய்நிகர் இயந்திரத்தை (நிறுவனத்தின் சர்வருக்குள் மென்பொருளால் உருவாகும் தனிக் கணினியை) காலையில் உருவாக்கிச் சோதனையை முடித்து மாலையில் நீக்கிவிட முடிகிறது. முன்பு இதே வேலைக்குச் சர்வர் வந்து சேர வாரக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு இது பெரும் விடுதலை.

இரண்டாம் பாதியில்தான் ஏமாந்தோம். மூன்றாம் மாதப் பில் நாங்கள் கணக்கிட்டிருந்ததைவிட இரு மடங்காக வந்தது. சோதனை இயந்திரங்களை நிறுத்தியிருந்தோமே தவிர, நீக்கவில்லை. நிறுத்தியதும் செயலிக்கும் (சிபியு) நினைவகத்துக்குமான கட்டணம் நின்றுவிட்டது. ஆனால் இயந்திரத்தோடு இணைந்த வட்டு, அவ்வட்டின் அப்போதைய நிலையை நகலெடுத்து அவ்வப்போது சேமித்த ஸ்னாப்ஷாட்டுகள், இணையத்திலிருந்து இயந்திரத்தை அணுக ஒதுக்கி வைத்த பொது ஐபி முகவரி ஆகியவற்றுக்கான கட்டணம் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருந்தது. இவ்விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதையும் பிறகே அறிந்தோம். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில், இயந்திரத்தை அதன் இயங்குதளத்துக்கு உள்ளிருந்து அணைத்தால் செயலிக்கான கட்டணம்கூட நிற்பதில்லை. நிர்வாகப் பக்கத்தின் வழியே, அந்த இயந்திரத்துக்கு ஒதுக்கிய கணினித் திறனை விடுவிக்க வேண்டும். நாங்கள் அமைத்திருந்த செலவு வரம்பும் மின்னஞ்சலில் எச்சரித்ததோடு சரி, எந்த இயந்திரத்தையும் தடுக்கவில்லை.

தரவை உள்ளே ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. வெளியே எடுப்பதற்கு ஒவ்வொரு ஜிபிக்கும் உண்டு. அன்றாடக் காப்புப் பிரதியை வெளியே இறக்குவோர் இதை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேவையின் நம்பகத்தன்மையில் எனக்குக் குறையில்லை. 99.99% நேரம் சேவை இயங்கும் என்ற உறுதிமொழியின்படி 30 நாள் மாதத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல் மட்டுமே சேவை தடைபடலாம். ஆனால் அது மீறப்பட்டால் கிடைப்பது அடுத்த பில்லில் ஒரு கட்டணத் தள்ளுபடியே. நமக்கு நேர்ந்த வணிக இழப்புக்கு ஈடு அல்ல.

ஏறி இறங்கும் வேலைப்பளு உள்ளவர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் சர்வர் தேவைப்படுவோர், ஓராண்டு அல்லது மூன்றாண்டுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்வோருக்கான முன்பதிவு விலையையும் சொந்தச் சர்வரின் செலவையும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். நிறுவனத்திடம் என் கோரிக்கை ஒன்றுதான்: 'நிறுத்து' பொத்தானை அழுத்தும் திரையிலேயே, இனியும் எவற்றுக்குக் கட்டணம் தொடரும் என்பதைத் தொகையுடன் காட்டுங்கள்.