சின்னக் கபினை உலர வைக்க எது நல்லது: காற்றுவாயா, விசிறியா, உப்புப் பெட்டியா?

முல்லைத்தீவுக் கரையில் பைபர் வள்ளத்துக்கு மேல் ஒட்டுப்பலகையால் சின்னக் கபின் அடித்து, பாயும் கட்டி ஓடுகிறவர்கள் அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சப் பேரும் சந்தித்தால் பேச்சு பூஞ்சணத்தில்தான் வந்து நிற்கும். மெத்தை மணக்கிறது, கதவு ஊதி இறுகிக் கிடக்கிறது, மாற்றுச் சட்டையில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. ஈரம் உறிஞ்சும் உப்புப் பெட்டி வை என்கிறார் ஒருவர். சூரிய விசிறி பூட்டு என்கிறார் இன்னொருவர். கபினில் ஒரு துளையும் போடாதே, மழை உள்ளே வந்துவிடும் என்கிறார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு காலத்துக்குச் சரிதான். ஆனால் கையில் இருக்கிற முதல் காசு நல்ல காற்றுவாய் (கபினுக்குள் காற்று போய்வரும் வழி) இரண்டுக்குப் போகவேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்று, 26 பாகை அளவுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதில் தண்ணீராகப் படியும். வானம் வெளித்த இரவில் பைபர் தளம் சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அதன் அடிப்பக்கம்தான் கபினின் கூரை. விடிய எழும்பிக் கையை வைத்துப் பாருங்கள், முழுக்க வேர்த்திருக்கும். இதை ஒழுக்கு என்று நினைத்து ஓட்டை தேடிச் சிலிக்கன் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவே இல்லை. உள்ளே படுக்கிற ஒருவர் மட்டும் ஓர் இரவில் மூச்சாலும் வேர்வையாலும் கால் லீற்றருக்கு மேல் விடுகிறார். அடுப்பில் ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் நீராவி வரும்.

அடுத்தது உப்பு. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கள் கரையில் இரவில் அதற்குக் கீழே இறங்குவது குறைவு. அதனால் கடல்தண்ணீர் பட்ட மெத்தையை எத்தனை வெய்யிலில் போட்டாலும் பொழுதுபட்டதும் மறுபடி பிசுபிசுக்கும். உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு விரலை நனைத்து உறையில் தேய்த்து நாக்கில் வையுங்கள். கரித்தால் இன்னொரு தரம் அலசவேண்டும். மெத்தைக்கு அடியில் பலகையோடு பலகை ஒட்டாமல் சட்டம் அடித்து இடைவெளி விடுவதும் இதோடு சேர்ந்த வேலை. இந்த இரண்டையும் செய்யாமல் எந்தக் கருவி வாங்கினாலும் காசு வீண்.

இனிக் காற்றுவாய்க்கு வருவோம். கடையில் கிடைப்பதில் மலிவானது காளான் மூடி. தட்டையாக இருக்கும், கயிறு சிக்காது, உள்ளிருந்து திருகி மூடலாம். வெக்கைக் காற்றை மேலால் போகவிட அது போதும். ஆனால் காற்றை உள்ளே பிடித்துத் தள்ளாது. அலை மேலேறி அடித்தால் சில வகைகளில் தண்ணீரும் வரும்.

மழையிலும் காற்று வரவேண்டும், தண்ணீர் வரக்கூடாது என்றால் டொரேட் பெட்டிதான். 1930இல் நீரில் இறங்கி, 1931இல் அத்திலாந்திக் கடலைக் கடக்கும் பந்தயத்தையும் பாஸ்ட்நெட் பந்தயத்தையும் வென்ற டொரேட் என்ற அமெரிக்கப் பாய்ப்படகால் வந்த பெயர் அது. அமைப்பு மிக எளிமை. தளத்தின் மேல் ஒரு பெட்டி. ஒரு முனையில் மேலே காற்றைப் பிடிக்கும் வளைந்த வாய், மறுமுனையில் கபினுக்குள் இறங்கும் குழாய். அந்தக் குழாய் பெட்டியின் அடியோடு நிற்காமல் உள்ளே இரண்டு மூன்று அங்குலம் எழும்பி நிற்கும். காற்றோடு வரும் தண்ணீர் பெட்டியின் அடியில் விழுந்து பக்கத் துளைகளால் வழிந்துவிடும். காற்று மட்டும் குழாயின் விளிம்பைத் தாண்டிக் கீழே போகும்.

இதை வெளிநாட்டிலிருந்து வருவிக்கத் தேவையில்லை. புதுக்குடியிருப்பில் வாங்கக்கூடிய கடல் ஒட்டுப்பலகைத் துண்டு, மூன்றங்குல பிவிசி குழாய், ஒரு முழங்கை வளைவு, கொஞ்சம் ரெசின் போதும். முழங்கை வளைவை ஒட்டாமல் இறுக்கமாகச் செருகி விட்டால் காற்றுக்குத் தக்கதாகத் திருப்பலாம், புயல் நேரம் கழற்றிவிட்டு மூடி போடலாம். கவனம் வேண்டிய இடம் வடிதுளை. படகு எந்தப் பக்கம் சரிந்தாலும் தண்ணீர் போக நான்கு மூலையிலும் அடியோடு அடியாகத் துளை இருக்கவேண்டும். அரை அங்குலம் மேலே போட்டால் அந்த அரை அங்குலத் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே நின்று பலகையைத் தின்னும்.

இரண்டு வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படகு கட்டும் எங்கள் ஓடாவியார் சொன்னது: “தம்பி, காத்து வாறதுக்கு வாசல் வைச்சாப் போதாது, போறதுக்கும் வைக்கோணும். இல்லாட்டி அது வாசல்லயே நிண்டிடும்.” நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுக்கும். முன்வாய் முன்னே பார்க்கட்டும், பின்வாய் பின்னே பார்க்கட்டும். காற்றுக்கு முதுகு காட்டும் வாய் உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். வெளியேறும் குழாயின் உள்முனையைக் கபினின் அடிப்பக்கம் வரை இறக்குங்கள். காஸும் பெற்றோல் ஆவியும் காற்றைவிடப் பாரமானவை, அடியில்தான் தேங்கும். நுளம்பு வலை கட்டாயம், ஆனால் வலை காற்றை நன்றாகவே குறைக்கும் என்பதால் குழாயை ஓரளவு பெரிதாகவே எடுங்கள்.

முன்மூடிக்கு (முன்தளத்தில் உள்ள திறக்கும் மூடி) மேல் கட்டி, காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் காற்றுத் துணி பற்றியும் கேட்கிறார்கள். வைகாசி, ஆனி இரவுகளில் உள்ளே படுப்பதற்கு அதைப்போல் சுகம் எதுவும் தராது. பழைய பாய்த்துணியில் வீட்டிலேயே தைக்கலாம். ஆனால் நாயாற்றுக் களப்பில் முன்னும் பின்னும் கம்பில் கட்டிய படகு காற்றோடு சுழலாது. துணியை நீங்கள்தான் திருப்பவேண்டும். மழை வந்தால் கழற்றவேண்டும். ஆள் இருக்கும் படகுக்கான பொருள் அது.

சூரிய விசிறி, காற்று ஓயும் நாட்களுக்கு. தென்மேற்குக் காற்றான சோளகத்துக்கும் வடகிழக்குக் காற்றான வாடைக்கும் இடைப்பட்ட கிழமைகளில் டொரேட் பெட்டி சும்மா இருக்கும். அப்போது விசிறி கைகொடுக்கும். உள்ளே பற்றரி உள்ள வகையாக எடுங்கள், ஏனென்றால் பனிக்கும் நேரம் இரவு. வெளியே இழுக்கும்படி பூட்டுங்கள். உள்ளே வர வேறு வாய் இல்லாமல் விசிறி மட்டும் பூட்டினால் அது சுற்றும், காற்று நகராது. உப்புக்காற்றில் அதன் அச்சு நெடுநாள் தாங்காது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

உப்புப் பெட்டி என்று ஊரில் சொல்வது கல்சியம் குளோரைட். அது நன்றாக வேலை செய்யும், அடைத்த கபினில் மட்டும். மூன்று மீற்றர் நீளம், 1.6 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் உயரமுள்ள கபினில் 6 கன மீற்றர் காற்று இருக்கிறது. 30 பாகையில் 80 வீத ஈரப்பதனில் அந்தக் காற்றில் உள்ள தண்ணீர் 145 கிராம் அளவுதான், ஒரு தேத்தண்ணிக் கோப்பை. அரைக் கிலோப் பெட்டி அதை இலகுவாக இழுத்துவிடும். காற்றுவாய் திறந்திருந்தாலோ, அது கடல் முழுவதையும் உலர்த்தப் பார்க்கிற கதைதான். சில நாளில் பெட்டி நிறைந்துவிடும். நிறைந்த பெட்டியில் இருப்பது கடும் உப்புநீர். படகு ஆடிக் கவிழ்ந்தால் மின்கம்பி, ஆணி, பிணைச்சல் எல்லாவற்றையும் அரிக்கும். அகலமான வாளிக்குள் வைத்துக் கட்டிவிடவேண்டும். இதற்குப் பதிலாக நீற்றாத சுண்ணாம்பு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் பட்டால் அது தீப்பற்ற வைக்கும் அளவுக்குச் சூடேறும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஏற்றுகிற படகுக்குள் அதற்கு இடமில்லை. அடுப்புக்கரி கொஞ்சம் மணத்தை எடுக்கும், ஈரத்தைப் பெரிதாக எடுக்காது. சிலிக்கா மணி நல்லது, வறுத்து மறுபடி பாவிக்கலாம்; கருவிப் பெட்டிக்கும் கமராவுக்கும் போதும், கபினுக்குப் போதாது.

மின்சார ஈரம் நீக்கி பற்றி நீட்டத் தேவையில்லை. கரை மின்சாரம் உள்ள துறைகளுக்கு அது முதல்தரம். எங்கள் கரையில் அதைச் செருக இடமில்லை.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் பொருளைவிட முக்கியம். கிழக்குக் கரையில் உள்ள முல்லைத்தீவில் சோளகம் தரையைக் கடந்து வருகிறது. காடும் வயலும் கடந்து சூடேறி, பகலில் உலர்ந்த காற்றாக வரும். அந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். அதே சோளகம் மேற்குக் கரையில் பூநகரிப் பக்கம் நேரே கடலிலிருந்து ஏறுகிறது. அங்கே அது உப்பும் ஈரமும் கொண்டுவரும் காற்று. அங்கே படகு வைத்திருப்பவர் எங்கள் பழக்கத்தை அப்படியே எடுத்தால் மெத்தை நனையும். வாடை தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். ஐப்பசி முதல் மார்கழி வரை முல்லைத்தீவில் வெளிக்காற்றே நனைந்த காற்று. ஆள் இல்லாத படகை அந்த நாட்களில் இறுக்கி மூடி உப்புப் பெட்டி வைப்பதே சரி. ஆள் படுக்கும் இரவில் மட்டும் எந்தக் காலத்திலும் இரண்டு வாயும் திறந்திருக்கவேண்டும். அடைத்த கபினில் அடுப்பு எரித்தால் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

மாரியில் படகைக் கரையில் ஏற்றி வைக்கிறவர்கள் தறப்பாளால் சுற்றிக் கட்டுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். படகோடு ஒட்டிக் கட்டிய தறப்பாளுக்குள் வெய்யில் அடித்ததும் ஆவி எழும்பும், இரவில் அது திரும்பப் படகிலேயே விழும். காசு இருந்தால் நாலு கம்பு நட்டுக் கிடுகுக் கொட்டில் போடுங்கள்; பக்கம் திறந்திருக்கும், கூரை வேர்க்காது. தறப்பாள்தான் என்றால் நடுவில் கம்பு கொடுத்து ஒரு முழம் உயர்த்தி, இரு முனையையும் திறந்து கட்டுங்கள். உள்ளே விழும் தண்ணீர் வடிய அணியத்தை (முன்பக்கத்தை) உயர்த்தி வைத்து, படகின் வடிதுளையை அடைக்கும் அடித்தக்கையைக் கழற்றிக் கபின் கதவிலேயே கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள். பங்குனியில் படகை இறக்கும்போது கதவைத் திறக்கிறவரின் கையில் அது முதலில் தட்டுப்படும்.